பீரோவில் ஒட்டிய லைசென்ஸ்

2008 வாக்கில் நானும் என் மனைவியின் தம்பியும் கடலூரில் பழைய கம்ப்யூட்டர் விற்றோம். சென்னைக் கம்பெனிகள் கழித்துப்போட்டதை வாங்கிவந்து சரிசெய்து விற்பதுதான் தொழில். பழுது பார்ப்பது நான், துடைப்பது மச்சான். அவன் கைபட்டால் எந்தப் பெட்டியும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும்.

சிதம்பரத்தில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய ஓர் அம்மா ஆறு கம்ப்யூட்டர் கேட்டார். வேனில் கொண்டுபோய் இறக்கினோம். அவர் சுவிட்சைக்கூடப் போடவில்லை. ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் குனிந்து பார்த்தார்.

"லைசென்ஸ் ஸ்டிக்கர் எங்க சார்?"

நான் மச்சானைப் பார்த்தேன்.

"அதுவா மேடம்? அசிங்கமா இருந்திச்சி. ஹேர் டிரையர்ல சூடு காட்டி, கிழியாம உரிச்சிட்டேன்" என்றான் பெருமையாக.

"உரிச்சி?"

"பளபளன்னு இருந்திச்சா, வீட்டு பீரோவுல ஒட்டிட்டேன்."

"அப்ப உங்க பீரோவுக்கு லைசென்ஸ் இருக்கு. என் கம்ப்யூட்டருக்கு இல்ல."

கம்ப்யூட்டரோடு வந்த சாஃப்ட்வேர் உரிமை அந்தப் பெட்டியோடுதான் போகும், அதற்கு அத்தாட்சி அந்த ஸ்டிக்கர், உரித்துவிட்டால் அது வெறும் காகிதம் என்று விளக்கினார். விற்க வந்த எனக்கு வாங்குகிறவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. காது சூடாகிவிட்டது.

"திரும்ப ஒட்டிடட்டுமா?" என்றான் மச்சான்.

"எது எந்தப் பெட்டியோடதுன்னு தெரியுமா?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் மேடம் இருந்திச்சி" என்றான்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அங்கிருந்தே போன் போட்டேன். பழைய கம்ப்யூட்டர்களுக்கென்று குறைந்த விலையில் தனி லைசென்ஸ் உண்டாம். ஆனால் அவர்களிடம் பதிவு செய்த கடைகளுக்குத்தான் தருவார்களாம். எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகையே இன்னும் எழுதவில்லை.

"ஏத்திக்கினு போயிடறோம் மேடம்" என்றேன்.

மச்சான் விடவில்லை. "கம்ப்யூட்டர ஓட்டறதுக்கு இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு மேடம். யார் வேணும்னாலும் போட்டுக்கலாம், சட்டப்படியே."

"டைப் அடிக்க வருமா?"

ஒரு பெட்டியில் ஏற்றிக் காட்டினோம். அவர் உட்கார்ந்து, விசைப்பலகையைப் பார்க்காமலே மழைபோல ஒரு பக்கம் அடித்தார்.

"வெச்சிட்டுப் போங்க. ஆனா பில்லுல 'ஸ்டிக்கர் உரிக்கப்பட்டது'ன்னு எழுதுங்க."

மற்ற ஐந்திலும் அதையே ஏற்றிவிட்டு, அப்படியே எழுதினேன். மச்சானைக் கையெழுத்துப் போட வைத்தேன்.

ஒரு வாரத்தில் அவரிடமிருந்து போன்.

"சார், இதுல சீட்டாட்டம் இருக்கு. பசங்க டைப்பே அடிக்க மாட்டேங்குறாங்க. எப்படி எடுக்கறது?"

மச்சானை அனுப்பினேன். காலையில் போனவன் சாயங்காலம்தான் வந்தான். எடுப்பதற்கு முன்னால் சீட்டாட்டம் ஆறிலும் சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்த்தானாம்.