அக்கா சொன்ன மூன்று பதில்கள்

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, நகலெடுக்கும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒற்றை அறைதான் அவளுடைய அலுவலகம். இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறாள். தரகர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'முற்றுப்புள்ளி'. அவள் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டால் அதற்கப்புறம் ஒரு துணைக்காலைக்கூட யாராலும் சொருக முடியாது. "அந்தம்மா முன்னால பொய் சொன்னா, சொல்றவனுக்கு இல்ல, பொய்க்கே வயித்தக் கலக்கும்" என்பார் ஒரு தரகர்.

கடலோர வீட்டை விற்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லிப் படிவம் நிரப்ப வேண்டும் என்று சட்டம் வந்து மூன்று வருஷமாகியிருந்தது. கடல் எவ்வளவு நிலத்தைத் தின்றது, கிணற்றில் வேறு யாருக்காவது உரிமை உண்டா, தண்ணீர் எப்படி என்று பத்திர எழுத்தர் கேட்க, வாங்குபவர் காதுபட விற்பவர் பதில் சொல்ல வேண்டும். கீழே எழுத்தரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று காலை அவள் எதிரே வந்து உட்கார்ந்தது அவளுடைய சொந்த அக்கா.

அக்காவின் கணவர், மாமா, காலமானபிறகு கடலோர வீட்டில் அக்கா தனி. வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருப்பதென்று மூட்டை முடிச்சுகூடக் கட்டியாகிவிட்டது. ஆனால் வீடு பார்க்க வந்த இரண்டு பேர் ஏற்கெனவே நழுவியிருந்தார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் ஒரு பேருந்து ஓட்டுநரும் நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவியும். இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கடலால நிலம் குறைஞ்சிருக்கா?"

"இல்ல," என்றாள் அக்கா.

முற்றுப்புள்ளியின் பேனா நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன் புயலில் கொல்லைப்புறம் பன்னிரண்டு அடி போயிற்று. வேலியை உள்ளே தள்ளி நட்டபோது அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவளே அவள்தான்.

"அடுத்தத கேளேன்," என்றாள் அக்கா.

"கிணத்துல வேற யாருக்காவது தண்ணி எடுக்க உரிமை இருக்கா?"

"யாருக்கும் இல்ல."

பக்கத்து வீட்டு வலை பின்னுகிறவர் குடும்பத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் எடுக்கும் உரிமையை மாமா எழுதிக் கொடுத்திருந்தார். எழுதியதும் இவள் கைதான். நகல் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் இருந்தது.

நர்ஸ் குறுக்கிட்டாள். "கோடையில தண்ணி உப்புக் கரிக்குமாம்மா? எங்க சின்னவனுக்குக் கிட்னியில கோளாறு. அதான் கேக்குறேன்."

"கல்கண்டு மாதிரி இருக்கும், கண்ணு."

முற்றுப்புள்ளி பேனாவை மூடினாள். "அக்கா, கொஞ்சம் வெளிய வா."

நகலெடுக்கும் கடை வாசலில் இருவரும் நின்றார்கள்.

"என்னடி, எனக்கே சட்டம் பேசுறியா?"

"சட்டத்த விடு. போன கோடையில நீயே தண்ணிய கேன்ல வாங்கித்தானே குடிச்ச?"

"உனக்கென்ன? படுத்தா அலை வந்து சுவத்துல முட்டுற மாதிரி இருக்கு. இவங்களும் போயிட்டா நான் அங்கேயே கிடந்து சாகவா?"

தங்கை சொன்னாள்: "உள்ள வந்து நீயா மாத்திச் சொல்லு. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

"இடுப்புல தூக்கிச் சுமந்தவளுக்கு இதுதான் நீ செய்யிற கைம்மாறா? சொல்லித்தான் பாரேன்."

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவள் முதல் கேள்வியை மறுபடி வாசித்தாள். அக்கா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

முற்றுப்புள்ளி எழுந்து அலமாரியைத் திறந்தாள். நகலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இவங்க என் கூடப்பொறந்த அக்கா. கடல் பன்னெண்டு அடி உள்ள வந்திருக்கு. கிணத்துல பக்கத்து வீட்டுக்கும் பாத்தியதை உண்டு. கோடையில மூணு மாசம் அந்தத் தண்ணிய வாயில வைக்க முடியாது."

நர்ஸ் முகம் வெளிறிப்போயிற்று. "நல்லா இருப்பீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணவரோடு கிளம்பினாள். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, தங்கை பக்கம் திரும்பாமலே படியிறங்கினாள்.

ஐந்து மாதம் பேச்சு வார்த்தை இல்லை. ஃபோன் அடித்தால் அக்கா எடுப்பதில்லை. அந்த மாதங்களில் எத்தனையோ மத்தியானங்கள், தான் செய்தது சரிதானா என்று தங்கை சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். வேறு எழுத்தராக இருந்தால் கண்டும் காணாமல் விட்டிருப்பார். அக்கா இந்நேரம் பேரப்பிள்ளைகளோடு இருந்திருப்பாள்.

கடைசியில் படகு மெக்கானிக் ஒருவர் வந்தார். பட்டறை போடத்தான் அவருக்கு இடம் வேண்டியிருந்தது. கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேறொரு எழுத்தரிடம் அக்கா படிவம் நிரப்பினாள். இந்த ஐந்து மாதத்தில் கடல் இன்னும் மூன்றடி தின்றிருக்க, இந்த முறை பதினைந்து அடி என்று அவளே சொன்னாளாம்.

அதன்பிறகு ஒருநாள் ஃபோன் வந்தது.

"நாளைக்குக் காலையில பஸ். வழியனுப்ப வர்றியா, இல்ல அதுக்கும் படிவம் நிரப்பணுமா?"

போனாள். இருவரும் பெட்டிகளை ஏற்றினார்கள். மருமகளின் சமையலைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தங்கையும் கேட்கவில்லை. பஸ் கிளம்பும்போது, "உடம்பப் பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.