மூன்று மகள்மார் இருந்தும் வாரிசில்லாத கோமகன்

போன ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, நகர மையத்தில் ஒரு பழைய வீட்டில் நடந்த கண்காட்சியைப் பார்க்க அப்பாவும் நானும் போனோம். பிரித்தானிய அரச குடும்பத்துக் கோமகன் ஒருவருடைய வாழ்க்கையையும் குடும்பத்தையும் பற்றிய கண்காட்சி அது. பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்கு நான் அவரைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. நூலகத்தில் எடுத்த இரண்டு புத்தகங்களையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் போனேன். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கு ஏற்கனவே ஏழு பெயர்கள் இருக்கின்றன, அது போதும்.

ரெக்ஸ்டேலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலை 10.15க்கு வெளிக்கிட்டோம். 27 கிலோமீற்றர் தூரம்; 11.05க்குப் போய்ச் சேர்ந்தோம். பார்க்கிங் 18 டொலர். பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் போனால் செலவு குறைவு, ஆனால் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். அப்பாவுக்கு பைபாஸ் செய்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அவரைப் படிகளில் ஏற்ற எனக்கு மனமில்லை. ரிக்கற் பெரியவர்களுக்கு 14 டொலர், மாணவர்களுக்கு 9.

கீழ்த்தளத்தில் சீருடைகள், வாள்கள், கோமகன் ஏறிய குதிரைகளின் படங்கள். குதிரைகளுக்குக்கூடப் பெயர் எழுதியிருந்தார்கள். மேல்தளத்துக்கு லிஃப்ற் உண்டு. அங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன். கோமகன் கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாக இருந்தபோது மூத்த மகள்தான் அவரைப் பராமரித்திருக்கிறாள். எந்த மணிக்கு எந்த மருந்து என்று அவள் எழுதி வைத்த கொப்பி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நானும் ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவின் மாத்திரைகளைக் கிழமைப் பெட்டியில் பிரித்து வைப்பேன். அவளுடைய எழுத்து என்னுடையதைவிட வடிவு.

பக்கத்துச் சுவரில் குடும்ப மரம். கோமகனின் பெயர் என் உள்ளங்கை அளவு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மூன்று மகள்மார், அதற்குக் கீழே வெறும் சுவர். வாரிசு இல்லாததால் பட்டம் அவரோடு முடிந்துவிட்டது என்றாள் வழிகாட்டிப் பெண். மூன்று மகள்மார் இருந்தார்களே என்று கேட்டேன். ஓம், ஆனால் வாரிசு இல்லை என்று சிரித்தபடி அதையே திரும்பச் சொன்னாள்.

“என்னவாம்?” என்றார் அப்பா. சொன்னேன்.

“மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கேக்கை வாரிசு இல்லையோ? உவங்களுக்கு விசர்!”

எங்கள் வீட்டிலும் மூன்று பெண் பிள்ளைகள், நான்தான் மூத்தவள். அந்த நிமிடத்தில் அப்பாவை நினைக்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஒரு மணிக்கு வெளியே வந்தோம். “போற வழியிலை ஒரு இடம் இருக்கு பிள்ளை, பத்து நிமிசம்” என்றார். அது ஒரு மரணச்சடங்கு மண்டபம். தன்னுடைய இறுதிக் காரியங்களை இப்போதே எழுதி வைக்கப் போகிறாராம். மேசையில் இருந்த தமிழ் அண்ணை படிவத்தை நீட்டினார். அப்பா அதை என் பக்கம் தள்ளினார்.

“நீ எழுது. உன்ரை இங்கிலிஷ் எழுத்துத்தான் வடிவு.”

எழுதினேன். பிறகு அந்த அண்ணை கேட்டார்: “கொள்ளி வைக்கிறது ஆர் அண்ணை? இஞ்சை எரிக்கிற மெசின்ரை பட்டனை அழுத்திறதுதான். ஒரு பெயர் வேணும்.”

நான் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன்.

“நில், நில். ஒஷாவாவிலை இருக்கிற பெரியப்பான்ரை மகன்ரை பெயரைப் போடு.”

“ஏன் அப்பா, நான் இருக்கிறன்தானே?”

“இப்ப பொம்பிளைப் பிள்ளையளும் செய்யினம் அண்ணை. எங்கடை பக்கம் ஒரு தடையும் இல்லை” என்றார் மேசைக்காரர்.

“ஐயர் ஓமெண்டாலும் என்ரை அக்கா விடமாட்டா, தம்பி. சனம் என்ன சொல்லும்? பெடியன் இல்லாத வீடெண்டு சிரிக்குங்கள்.”

“அப்பா, இப்பதானே அவங்களுக்கு விசர் எண்டு சொன்னனீங்கள்?”

“அது வெள்ளைக்காரன்ரை பட்டம். இது வேறை. எழுது.”

என் எழுத்தை வெட்டிவிட்டு ஒஷாவா அண்ணாவின் பெயரை எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் ‘மகன்’ என்று போடச் சொன்னார். ‘அண்ணனின் மகன்’ என்றுதான் போட்டேன். அப்பா கண்ணாடி கொண்டு வரவில்லை. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

பட்டம் ஆணுக்குத்தான் என்ற சட்டத்தைக் காட்டிக் கோமகன் தப்பலாம், அப்பாவுக்கு அந்தச் சாட்டும் இல்லை. இதைத்தான் என் கட்டுரையின் கடைசி வரியாக எழுத நினைத்தேன். வரலாற்றுப் பாடத்தில் அதற்கு இடமில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: இரண்டு மணித்தியாலம் போதும். உள்ளே சாப்பாடு இல்லை, கொண்டு போங்கள். மாணவர் அட்டையை மறக்க வேண்டாம். மேல்தளத்து மருந்துக் கொப்பியைத் தவற விடாதீர்கள். பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். தூரங்களையும் குறித்து வைக்கிறேன்: ரெக்ஸ்டேலிலிருந்து கண்காட்சிக்கு 27 கிலோமீற்றர். ஒஷாவாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 75. என் அறையிலிருந்து அப்பாவின் கட்டிலுக்குப் பதினொரு காலடி.