ஆற்றுவாயில் ஓர் உப்பளம்

தெல்தெனிய சந்தியில் மழைக்கு நின்றுபோன பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவரின் விரல்கள் உப்பு அரித்து வெடித்திருந்தன. மகாவலி ஆற்று நீர்த்தேக்கத்தின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று கண்டக்டர் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார். மகாவலி கடலில் சேரும் இடத்தருகேதான் அவர் தாத்தா வெட்டிய உப்பளம் இருந்தது. அங்கே காவலிருந்த தம்பியைப் போனில் பிடித்தார்.

“உப்பை விட்டிட்டுப் பிள்ளையளோட வெளிக்கிடு.”

“சண்டைக்குள்ளயும் அப்பா உப்பளத்தை விட்டிட்டு ஓடேல்லையே அண்ணன்!” தம்பி கத்தியது எனக்கே கேட்டது.

“ஓடியிருந்தா இண்டைக்கு உயிரோட இருந்திருப்பாரடா.”

மறுமுனையில் தம்பி பிள்ளைகளைக் கூப்பிடுவது கேட்டது. அவர் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“சரி, வெளிக்கிடுறம்.”

அவர் மெல்ல உட்கார்ந்தார். “ஒரு வருஷத்து உப்பு,” என்று என்னிடம் சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை. தகப்பனைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.