லீசுக்கு விட்ட கீழ்வீடு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு, நான் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து வாசலிலேயே நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மூன்று வருடத்துக்கு முன் ஆறு லட்சம் கொடுத்து லீசுக்கு வந்தவர்.

“அக்கா, பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிகீறேன். மாசக் கடேசில காலி பண்ணிக்கிறேன். லீசுப் பணத்த ரெடி பண்ணிட்டீங்கன்னா மண்டபத்துக்குக் கட்டிடுவேன்.”

சரி என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

எங்கள் பக்கம் லீசு என்றால் மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகை வாங்குவோம். காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பித் தரவேண்டும். அடுத்து வருபவரிடம் வாங்கி முன்னவருக்குக் கொடுப்பதுதான் திருவொற்றியூரில் பலரும் செய்வது. நானும் அதையே நம்பியிருந்தேன்.

வீட்டை விடும் முன் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். வாடகைக்கு விட்டால் மாதம் பன்னிரண்டாயிரம். சொத்து வரி போக, மீதியில் பராமரிப்புக்கென்று முப்பது சதவீதம் போக, வீட்டுக் கடன் வட்டியும் போக, வரிக்குக் கொஞ்சம் மிஞ்சியது. லீசுத் தொகை வருமானமில்லை, அதற்கு வரி கிடையாது என்றார் ராயபுரத்து ஆடிட்டர். அந்த வீட்டுக்கு ஊரில் என்ன வாடகை போகுமோ அதைக் கணக்கில் காட்ட வேண்டிவரும் என்றும் சொன்னார். அதை நான் காதில் வாங்கவில்லை. வரியில்லாத ஆறு லட்சம் என்பது மட்டும் மனதில் நின்றது. நான்கை மகளின் கல்லூரிக்குக் கட்டினேன். இரண்டை வீட்டுக் கடனில் போட்டேன். அது என் பணமே இல்லை, அதனால்தான் வரி இல்லை என்பது உறைக்க மூன்று வருடம் ஆயிற்று.

மறுபடி ஆடிட்டரிடம் போனேன்.

“மேடம், வரி இல்லன்னுதான் சொன்னேன். செலவு பண்ணலாம்னு சொல்லலையே” என்று சிரித்தார். கிளம்பும்போது, வாங்குவதும் கொடுப்பதும் செக்காகவே இருக்கட்டும், ரொக்கமாக வாங்கினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம் வரலாம் என்றார்.

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். கூடத்துச் சுவரில் போன மழையில் தண்ணீர் நின்ற கோடு, நான் அடித்த இரண்டு பூச்சுப் பெயிண்டையும் மீறித் தெரிந்தது.

“இது இன்னா கோடு?” என்று கேட்டவர்களுக்குக் கீழ்வீட்டுக்காரரே பதில் சொன்னார். “தண்ணி வந்துச்சு மாமு. முட்டி வரிக்கும்.”

மூன்று பேர் அத்தோடு போனார்கள். சாத்தாங்காட்டு இரும்பு வியாபாரி ஒருவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. ஆறையும் நாளைக்கே கையில் தருகிறேன், பேங்க்கெல்லாம் வேண்டாம் என்றார். முடியாது என்று அவரை அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டேன். “உங்க பணம்தானே மாட்டிக்கிட்டு நிக்குது? ஏன் எல்லார்கிட்டயும் சொல்றீங்க?”

“சொல்லாம வுட்டா, மொத மழைக்கே வந்து பணத்தக் குடுன்னு உங்க கழுத்தப் புடிப்பான்க்கா. அப்போ எங்கேர்ந்து குடுப்பீங்க?”

என் வளையல்களை எடை போட்டுப் பார்த்தேன். அடகில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வராது. விடுதியிலிருந்து பேசிய மகளிடம் எதையும் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று மூன்று தடவை கேட்டேனாம்.

இருபத்தெட்டாம் தேதி மதியம், வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாயும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மா சுவரருகே போய்க் கோட்டின் மேல் விரலை வைத்தார். அவர் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன், முட்டி வரை வந்தது, இரண்டு நாள் நின்றது என்று. அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“மழை வந்தா எங்க துணி மூட்டையெல்லாம் உங்க மாடில ஏத்திக்குவோம், சரியாம்மா? ஆறெல்லாம் முடியாது. நாலரை. செக்கு யார் பேருக்கு எழுதணும்?”