மானுக்கு ஆகாத குண்டு

அயல்வீட்டுக் கலியாணத்துக்காகக் கனடாவிலிருந்து இணுவிலுக்கு வந்திருந்தவர் அவர். மெலிந்த மனிதர். பலகாரம் கொடுத்தாலும் உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர், தன் தோட்டாக்களுக்குத் தானே வெடிமருந்தை நிறுத்து அடைக்கிறவர் என்று கலியாண வீட்டில் சொன்னார்கள்.

அன்று காலை என் மூன்று வயது மகன் முற்றத்து மண்ணில் கண்டெடுத்த துவக்குக் குண்டு ஒன்றை வாயில் வைத்திருந்தான். பிடுங்கிவிட்டேன். வெடிக்குமோ, எறியலாமோ என்று தெரியாமல் அலறினேன். சத்தம் கேட்டு வந்த அயலவர்கள் சிரித்தார்கள். அவர் ஓடிவந்து அதை வாங்கிப் பார்த்தார்.

“பயப்பிடாதேங்கோ தங்கச்சி. துவக்குக் குழலுக்குள்ளாலை போன கீறல் இருக்கு, பாருங்கோ. இது சண்டைக் காலத்திலை ஏற்கெனவே சுட்ட குண்டு, வெடிக்காது. வெடிமருந்து அடைச்ச பித்தளைக் கோதோடை கண்டால்தான் தொடக்கூடாது.”

“ஈயம் வயித்துக்குள்ளை போயிருக்குமோ அண்ணை?”

“மேலை செம்புத் தகடு உடையேல்லை. எதுக்கும் பிள்ளையின்ரை வாயைக் கழுவி, டொக்டரிட்டைக் காட்டுங்கோ.”

“உதாலைதான் நீங்களும் மான் சுடுறனீங்களோ?”

“ஐயோ, அங்கை சட்டப்படி மானுக்கு உதைப் பாவிக்க விடமாட்டினம். எங்கடை குண்டு உள்ளை போய் விரியும், மான் உடனை விழுந்திடும். உது விரியாமல் ஊடுருவிப் போயிடும். மான் காயத்தோடை ஓடி, கனநேரம் கிடந்து சாகும். பாவமெல்லே.”

சொன்னவர் சட்டென்று நிறுத்திவிட்டு எங்கள் முற்றத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். நன்றி சொல்லப் போனபோது அவர் கனடாவுக்குப் புறப்பட்டிருந்தார். என் பதற்றத்தைப் பார்த்துச் சிரிக்காமல் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். மானின் வேதனையை இவ்வளவு யோசிக்கிறவர் ஏன் வேட்டைக்குப் போகிறார் என்பது மட்டும் இன்றும் எனக்கு விளங்கவில்லை.