அம்மா வழி ரத்தம்

சாரல் காலத்தில் பெரிய மாமா என் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அண்ணனுக்கு முழங்கால் அடிக்கடி பந்துபோல் வீங்கிவிடும். வீங்கின காலுக்கு எங்கள் தென்காசி வீட்டில் ஒரே வைத்தியம்தான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பவரிடம் நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொல்லி, அப்படியே அருவியில் நிறுத்துவது. "சுளுக்குதாம்லே, அழாத. தண்ணி அடிச்சா போயிரும்" என்பார் மாமா. மறுநாள் வீக்கம் கூடியிருக்கும். தேய்த்தது போதவில்லை என்று மறுபடியும் தூக்கிக்கொண்டு போவார். பாசமில்லாதவர் என்று அவரைச் சொல்லவே முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். ரத்தம் உறையாத நோய், மூட்டுக்குள்ளேயே கசிகிறது, இனி அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது என்றார். இது தாய் வழியில் வருவது, பெண்களிடம் பெரும்பாலும் வெளியே தெரியாது, அவர்கள் பெறும் ஆண்பிள்ளைகளுக்கு வரலாம் என்றும் விளக்கினார். இப்படிப்பட்ட குடும்பங்களின் விவரத்தை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து வைக்கிறார்களாம். பெயர்களை அனுப்புவதற்காக, "அம்மா கூடப் பிறந்தவங்க யாராவது ரத்தம் நிக்காம இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

அம்மாவின் தம்பி ஒருவர் சிறு வயதில், பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் செத்தவர். அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "எங்க வழியில அப்படி யாரும் இல்ல சார். பேரெல்லாம் அனுப்பாண்டாம்." வெளியே வந்ததும் அம்மாவிடம் சீறினார். "தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைஞ்சு வருது. இப்பப் போய் இதச் சொல்லி அவ வாழ்க்கையக் கெடுக்கச் சொல்லுதியா?" அம்மா அடங்கிவிட்டாள்.

அந்தத் தங்கச்சி, என் சித்தி. செங்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். பையன் பிறந்தான். ஓடியாடும் வயதில் கல்படியில் விழுந்து தலையில் அடிபட்டது. வெளியே காயம் தெரியாததால் தைலம் தடவிப் படுக்கவைத்தார்கள். தாய் வழி விஷயத்தைச் சித்தியிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

துக்கத்துக்குப் போன இடத்தில் சித்தி மாமாவிடம் கேட்டாள்.

"அண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா ஒனக்குக் கல்யாணமே நடந்திருக்காதேட்டி."

"நடந்திருக்காண்டாம்" என்றாள் சித்தி.

இப்போது மரபணுச் சோதனைக்கு ஒரு சிறு குழாய் ரத்தம் போதும். எனக்கும் என் மகளுக்கும் அந்த நோயைக் கடத்தும் குறை இருப்பது அப்படித்தான் தெரிந்தது. எங்கள் பெயர்களை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் நானே சொல்லிச் சேர்த்தேன். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் மறைக்காமல் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். காப்பி குடித்தார்கள். அப்புறம் ஒரு பேச்சும் வரவில்லை. மாமா பயந்தது வீண்பயம் இல்லை என்று ஆகிவிட்டதே, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அடுத்து வாறவங்ககிட்டயும் சொல்லுவியாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"சொல்லுவேன்" என்றேன்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.