அரை வைத்தியரின் பச்சை பாட்டில்

எங்கள் பேக்கரியில் அவளை எல்லோரும் மாவு என்றுதான் கூப்பிடுவோம். வேலை முடிந்து முகம் கழுவிய பிறகும் புருவத்தில் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும், அதனால் வந்த பெயர். பன் உருட்டும் மேசையில் ஆறு வருஷம் எனக்கு எதிரே நின்றவள். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் இரண்டு உருண்டை உருட்டுவாள். இரண்டும் கிராம் பிசகாமல் ஒரே எடை இருக்கும்.

கல்யாணமாகி நாலாவது வருஷம் உண்டானாள். அன்றிலிருந்து புளித்த மாவின் வாசனை அவளுக்கு எமனாகிவிட்டது. ஈஸ்ட் டப்பாவின் மூடியைத் திறந்தால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கத் தொட்டிக்கு ஓடுவாள். மூன்றாம் மாதம் முடிவதற்குள் நாலு கிலோ இளைத்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரில சொல்லு. வாந்திக்கு மாத்திரை குடுப்பாங்க," என்றேன்.

"மாத்திரை எல்லாம் கெமிக்கலாம்க்கா. பிள்ளைக்கு ஆகாதுன்னு தம்பி சொல்லுது."

தம்பி என்றது அவள் கொழுந்தனை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேசை போட்டு எண்ணெய், சாம்பிராணி, மூலிகைச் சோப்பு விற்பவன். ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவன் ஒரு வேரைக்கூடப் பிடுங்கிப் பார்த்ததில்லை. போனில் வீடியோ பார்த்தே பாதிக் கிணறு தாண்டியவன். தெருவில் கேலியாக அரை வைத்தியர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் அதில் 'வைத்தியர்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, விசிட்டிங் கார்டே அடித்துவிட்டான்.

அவன் கொடுத்தது ஒரு பச்சை பாட்டில். கஞ்சா எண்ணெய். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு அதை விற்கத் தடையில்லை. "கவர்மென்ட்டே விடுது அண்ணி. செடியில இருந்து வர்றதுதானே? நாக்குக்கு அடியில நாலு சொட்டு, வாந்தி பறந்துடும்," என்றானாம். சாராயத்தையும்தான் விடுகிறார்கள், அதற்காகத் தாய்ப்பாலில் கலக்கவா சொன்னார்கள்? செடியில் இருந்து வருவதெல்லாம் நல்லதென்றால் அரளி விதையைச் சுண்டலாகத் தாளித்துச் சாப்பிடலாமே! ஆனால் இதையெல்லாம் அப்போது நான் அவளிடம் கேட்கவில்லை. சொட்டு விட்டதும் வாந்தி கொஞ்சம் அடங்கியது. மேசையில் வேலை தடையில்லாமல் நடந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் மாமியாருக்கோ பெருமை பிடிபடவில்லை. "என் சின்னவன் படிச்சிருந்தா பெரிய டாக்டரா வந்திருப்பான்," என்பாள். படிக்காமலே இந்தப் பாடு! புருஷன் எங்கள் பேக்கரி வேன் ஓட்டுகிறவன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருப்பவன். தம்பி சொன்னதற்கும் தலையாட்டினான், அம்மா சொன்னதற்கும் தலையாட்டினான்.

மாதாந்திரப் பரிசோதனையில் நர்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்டார்: புகை உண்டா, குடி உண்டா, வேறு ஏதாவது எடுக்கிறாயா? இவள் இல்லை என்றே தலையை ஆட்டினாள். சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அரை வைத்தியர் பயமுறுத்தி வைத்திருந்தான். நல்ல சரக்கு என்றால் மறைப்பானேன்? அந்தக் கேள்வி அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ நூறு. வாந்தி நின்று மாதக்கணக்காகியும் சொட்டு நிற்கவில்லை. இப்போது உடம்புவலிக்கும் தூக்கத்துக்கும் என்று அவன் ஆறு சொட்டாக்கியிருந்தான். குழந்தையும் அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தது. மார்பில் போட்டால் இரண்டு மடக்கு உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். "பாத்தீங்களா? என் மருந்து தாய்க்கும் வேலை செய்யுது, பிள்ளைக்கும் வேலை செய்யுது!" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அந்த முட்டாள் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

மூன்றாவது வாரம் எடை பார்க்க நானும் கூடப் போனேன். குழந்தை பிறந்த எடையைக்கூடத் தொடவில்லை. நர்ஸ் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். அது சோம்பலாக ஒரு முறை முனகியது.

"நெசத்தச் சொல்லும்மா. நான் திட்ட மாட்டேன். என்ன எடுக்கறே?"

மாவு என்னைப் பார்த்தாள். நான்தான் முதலில் சொன்னேன். பிறகு அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

நர்ஸ் கத்தவில்லை. "அது பால்ல இறங்கும்மா. உடம்புக் கொழுப்புல ஒட்டிக்கிட்டு நாள்கணக்கா, சில சமயம் வாரக்கணக்கா இருக்கும். ஒரு வேளைப் பாலப் பீச்சிக் கொட்டிட்டா போயிடாது."

"பிள்ளை சின்னதா பொறந்தது அதனாலயா சிஸ்டர்?"

"அதனாலதான்னு சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது. வயித்துல இருக்கிற பிள்ளைக்குப் போய்ச் சேருது, எடை குறையறத நிறைய பேர்கிட்ட பாத்திருக்கோம். எவ்வளவு எடுத்தா பரவாயில்லன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. தெரியாததனாலதான் ஒரு சொட்டும் வேணாம்ங்கறோம். வாந்திக்கு நல்ல மாத்திரை இருந்துச்சேம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னாவது படிச்சியா?"

"இலை படம்தான் போட்டிருக்கு."

டாக்டர் வந்து குழந்தையைப் பார்த்தார். சொட்டை அன்றே நிறுத்தச் சொன்னார். சில வாரம் புட்டிப்பால், அதுவரை பால் வற்றாமல் பீச்சிக் கொட்ட வேண்டும், பிறகு மார்பில் போடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இலைப் படத்தின் ஓரம் தடிப்பாக இருந்தது. கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டினாள். ஸ்டிக்கர் சுருண்டு கையோடு வந்தது. அடியில் கம்பெனிக்காரன் ஒட்டிய சீட்டு. அதில் கொட்டை எழுத்தில்: கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பயன்படுத்தக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பிக்கொண்டு சந்தைக்குப் போனாள். நானும் போனேன். அரை வைத்தியர் ஏழு மாத வயிற்றோடு நின்ற ஒரு பெண்ணுக்குப் பாட்டிலைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான். மாவு அதை அவன் கையிலிருந்து வாங்கினாள். மேசைத் துணியை வெந்நீரில் நனைத்துச் சுற்றிப் பிடித்தாள். ஸ்டிக்கரை உரித்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"படிங்க."

அந்தப் பெண் படித்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"அண்ணி, வீட்ல பேசிக்கலாம்," என்றான் அவன்.

"வீட்ல பேசினதெல்லாம் போதும் தம்பி."

"அது சும்மா சட்டத்துக்காகக் கம்பெனி போடறது."

"சும்மா போட்டதுன்னா எதுக்கு ஒளிச்சே?"

அத்தனை வீடியோவிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்காது. அவள் ஒவ்வொரு பாட்டிலாக உரித்தாள், கூட்டம் கூடியது. வேனை ஓரம் கட்டிவிட்டு அவள் புருஷன் வந்தான். தம்பிக்குப் பரிந்து பேசுவான் என்று நினைத்தேன். அவன் பெண்டாட்டி கையிலிருந்த துணியை வாங்கி, மிச்சம் இருந்த பாட்டில்களைத் தானே உரிக்க ஆரம்பித்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

குழந்தை இரண்டாம் மாதத்தில்தான் எடை போட ஆரம்பித்தது. இப்போது மூன்று வயது. வீட்டை இரண்டாக்குகிறது. ஆனால் அது ஒரு வார்த்தை தாமதமாகப் பேசினாலும், ஒரு நாள் சோர்ந்து படுத்தாலும், "அதனாலயா இருக்குமாக்கா?" என்று மாவு என்னைக் கேட்பாள். எனக்கென்ன தெரியும்? பதில் தெரிந்தவர் யாரும் இல்லை. அவன் விற்றுவிட்டுப் போனது அந்தச் சந்தேகத்தைத்தான்.

அரை வைத்தியர் இப்போது காந்த வளையல் விற்கிறான். மூட்டுவலி, சர்க்கரை, குடும்பச் சண்டை மூன்றும் தீருமாம். மாமியார் இரண்டு கையிலும் போட்டிருக்கிறாள்.

போன மாதம் மாவு மறுபடி உண்டானாள். ஈஸ்ட் டப்பாவைத் திறந்ததும் பின்பக்கம் ஓடினாள். திரும்பி வந்து வாயைத் துடைத்தாள், ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்க்கா. வாந்திக்கு மாத்திரை கேக்கணும்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.